வன்பொருளை மாற்றிய பின் பழைய மென்பொருள் இயங்க மறுத்தால்: எங்கிருந்து தேடத் தொடங்குவது

புதிய மதர்போர்டும் செயலியும் பொருத்திய மறுநாள், அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கணக்கு மென்பொருள் திறக்க மறுத்தால், பெரும்பாலோர் அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அப்போதும் திறக்கவில்லையென்றால் விண்டோஸையே அழித்துப் புதிதாக நிறுவுகிறார்கள். இந்த இரண்டாவது வேலையில்தான் பலருடைய தரவுகள் தொலைந்துபோகின்றன. சிறு அலுவலகங்களுக்கும் அச்சகங்களுக்கும் கணினிகளைப் பராமரித்துக் கொடுக்கும் வேலையில் நான் கண்டவரை, வன்பொருள் மாற்றத்துக்குப் பின் வரும் கோளாறுகளில் மறுநிறுவலால் தீர்பவை குறைவு. கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்டறிந்து, அந்த ஒன்றை மட்டும் சரிசெய்தால் தீர்பவையே மிகுதி.

மென்பொருள் வன்பொருளோடு நேரடியாகப் பேசுவது அரிது. இரண்டுக்கும் நடுவே, மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் ஓடும் பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ, அதற்கு மேல் விண்டோஸ், விண்டோஸுக்குள் ஒவ்வொரு கருவியையும் இயக்கும் டிரைவர் என்னும் சிறு மென்பொருள், பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நூலகக் கோப்புகள், உரிமச் சரிபார்ப்பு எனப் பல அடுக்குகள் உள்ளன. அடியிலுள்ள அடுக்கு பழுதுபட்டிருக்கையில் மேலடுக்கைச் சரிசெய்ய முயல்வது வீண் உழைப்பு. ஆகவே கீழிருந்து மேலாகவே சோதித்துச் செல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்து, அதன் விளைவைப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். விண்டோஸ் ஓடும் கணினிகளை மனத்தில் வைத்தே இவற்றை எழுதுகிறேன்.

கழற்றுவதற்கு முன்

பழைய கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில வேலைகளை முடித்துவிட வேண்டும். முதலாவது, வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கர் தன் சாவியை மதர்போர்டிலோ செயலிக்குள்ளோ இருக்கும் டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லில் வைத்திருக்கிறது. மதர்போர்டை மாற்றினால் அந்தச் சில்லும் போய்விடும். அப்போது விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பல ஏஎம்டி கணினிகளில் டிபிஎம் செயலியை ஒட்டியே இயங்குவதால், மதர்போர்டை அப்படியே வைத்துச் செயலியை மட்டும் மாற்றினாலும், எஃப்டிபிஎம் தரவை அழிக்கலாமா என்று கணினி எழும்போதே ஒரு கேள்வி திரையில் வரும். மீட்புச் சாவி கையில் இல்லாமல் அதற்கு ‘ஆம்’ என்று அழுத்தினால், வட்டிலுள்ள எதையும் பிறகு படிக்க முடியாது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவும்போது, கணினிக்குரியவர் கேட்காமலே சாதனக் குறியாக்கம் இயங்கத் தொடங்கிவிடுவதுண்டு. ஆகவே ‘நான் பிட்லாக்கர் போடவே இல்லையே’ என்ற நம்பிக்கையில் இருந்துவிடக் கூடாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, மாற்றத்துக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிடுவது நல்லது.

இரண்டாவது உரிமம். கணினியோடு சேர்ந்தே வந்த ஓஇஎம் விண்டோஸ் உரிமம் அந்த மதர்போர்டுக்கு மட்டுமே உரியது. தனியே வாங்கிய ரீட்டெய்ல் உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றத்துக்கு முன்பே உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால், பிறகு ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள சரிசெய்யும் கருவியில் ‘அண்மையில் வன்பொருளை மாற்றினேன்’ என்ற தேர்வின் வழியே மீட்கலாம். மற்ற மென்பொருள்களுக்கும் இதே கவனம் தேவை. டேலியில் உரிமத்தைப் பழைய கணினியில் சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். வடிவமைப்பு மென்பொருள்கள் பலவற்றிலும் பழைய கணினியில் டீஆக்டிவேட் செய்யாமல் விட்டால், பயன்படுத்தக்கூடிய கணினிகளின் எண்ணிக்கையில் ஒன்று வீணாகிவிடும்.

மூன்றாவது, தரவு உண்மையில் எங்கே இருக்கிறது என்று உறுதிசெய்துகொள்வது. இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மொத்த வியாபாரக் கடையின் கணக்கு மென்பொருளைப் புதிய கணினிக்கு மாற்றியபோது, ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையில் இருந்த அந்த மென்பொருளின் கோப்புகள் அனைத்தையும் நகலெடுத்துப் புதியதில் வைத்தேன். மென்பொருள் தடையின்றித் திறந்தது. ஆனால் அதில் கடைசியாகப் பதிவாகியிருந்த ரசீது மூன்றாண்டுகளுக்கு முந்தையதாக இருந்தது. சரியாக அந்தக் காலத்தில்தான் அந்தக் கடையின் கணினி எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 7க்கு மாறியிருந்தது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, நிர்வாகி அனுமதி இல்லாத மென்பொருள்கள் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் எழுத முடியாது. எக்ஸ்பி காலத்து மென்பொருள்கள் இதனால் நின்றுவிடக் கூடாது என்பதற்காக, அவை எழுதும் கோப்புகளை விண்டோஸ் சொல்லாமல் வேறிடத்துக்குத் திருப்பிவிடுகிறது. பயனரின் கோப்புறைக்குள், மறைக்கப்பட்டிருக்கும் ஆப்டேட்டாவில், லோக்கல் என்பதன் உள்ளே இருக்கும் விர்ச்சுவல்ஸ்டோர்தான் அந்த இடம். மூன்றாண்டுக் கணக்கும் அங்கே பத்திரமாக இருந்தது. பழைய வட்டை நான் அழிக்காமல் வைத்திருந்ததால் ஒரு மணி நேரத்தில் மீட்க முடிந்தது. அன்றிலிருந்து, குறைந்தது ஒரு மாதம் புதிய கணினியில் எல்லா வேலைகளும் நடந்து முடியும்வரை பழைய வட்டைத் தொடுவதில்லை என்பதை மாறாத விதியாக வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

விண்டோஸே எழவில்லை என்றால்

பழைய வட்டை அப்படியே புதிய மதர்போர்டில் பொருத்தும்போது வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இரண்டு வகை. பழைய விண்டோஸ், எம்பிஆர் என்னும் பழைய முறையில் பிரிக்கப்பட்ட வட்டில் நிறுவப்பட்டிருக்கலாம். புதிய மதர்போர்டுகள் யுஇஎஃப்ஐ முறையில், ஜிபிடி என்னும் புதிய முறையில் பிரிக்கப்பட்ட வட்டுகளையே எதிர்பார்க்கின்றன, பழைய முறைக்கான ஆதரவு பலவற்றில் அடைக்கப்பட்டோ நீக்கப்பட்டோ இருக்கும். அப்போது வட்டு நல்ல நிலையில் இருந்தும், பூட் செய்ய எதுவுமில்லை என்று கணினி சொல்லும். விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து உடன்வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி தரவை அழிக்காமலே வட்டை மாற்றித் தரும். ஆனாலும் காப்புநகல் எடுத்துக்கொள்ளாமல் அதை இயக்குவது சரியல்ல.

மற்றொன்று, விண்டோஸ் சின்னம் தோன்றிச் சில நொடிகளில் ‘இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்ற நீலத்திரை வருவது. வட்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவிலுள்ள கட்டுப்படுத்தியின் முறை மாறியிருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். பழைய கணினியில் ரெய்டு முறையில் இருந்தது புதியதில் ஏஎச்சிஐ ஆக இருக்கலாம், அல்லது நேர்மாறாக இருக்கலாம். பயாஸில் பழைய முறைக்கே மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் எழுந்தால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. பிறகு சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுத்து, மறுதொடக்கத்தின்போது பயாஸில் புதிய முறையை வைத்தால், சேஃப் மோடில் விண்டோஸ் தனக்குரிய டிரைவரைக் கண்டுகொள்ளும். அதன்பின் சேஃப் பூட்டை நீக்கிவிட்டு வழக்கம்போல் தொடங்கலாம். இன்டெலின் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான பல மடிக்கணினிகளில், விண்டோஸை நிறுவும்போது ஒரு வட்டுகூடத் தென்படாமல் போவதும் இதன் தம்பிதான். அங்கே விஎம்டி என்ற அமைப்பு இயங்குகிறது. தயாரிப்பாளர் தரும் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை யுஎஸ்பியில் எடுத்துச் சென்று, நிறுவும் திரையிலேயே ஏற்ற வேண்டும்.

பழைய விண்டோஸை விடாமல் வைத்துக்கொள்ள விரும்புவோர் ஓர் எல்லையை அறிந்திருக்க வேண்டும். 2015இல் வந்த இன்டெல் 6ஆம் தலைமுறையிலேயே விண்டோஸ் 7இன் நிறுவல் திரையில் யுஎஸ்பி விசைப்பலகையும் மவுஸும் செயலிழந்தன, ஏனென்றால் யுஎஸ்பி 3.0 டிரைவர் அந்த விண்டோஸில் இல்லை. 7ஆம் தலைமுறையிலிருந்து விண்டோஸ் 7க்கும் 8.1க்கும் மைக்ரோசாஃப்டின் ஆதரவே இல்லை. இப்போது விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. புதிய வன்பொருளில் பழைய விண்டோஸை நேரடியாக நிறுவ முயல்வதைவிட, அதை மெய்நிகர் கணினிக்குள், அதாவது கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிக்குள், வைப்பதே நிம்மதி. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

டிரைவர்கள்

விண்டோஸ் எழுந்தவுடன் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் நிறக் குறி எங்கேனும் இருக்கிறதா என்று பாருங்கள். குறியுள்ள கருவியின் பண்புகளில் ஓர் எண் இருக்கும். 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. 10 என்றால் கருவி தொடங்க முடியவில்லை. 52 என்றால் டிரைவரின் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. கருவியின் பெயரே தெரியாமல் ‘அன்னோன் டிவைஸ்’ என்று மட்டும் இருந்தால், விவரங்கள் பக்கத்தில் வன்பொருள் அடையாளம் என்ற வரியில் தயாரிப்பாளருக்கும் கருவிக்கும் உரிய எண்கள் இருக்கும். அவற்றைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் தேடலாம். எல்லா டிரைவர்களையும் தானே புதுப்பிப்பதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை நாடவே வேண்டாம். தவறான டிரைவரையும் வேண்டாத விளம்பரங்களையும் அவை சேர்த்தே கொண்டுவந்து கொட்டியதை நான் பலமுறை துடைத்திருக்கிறேன்.

64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள் ஓடும், ஆனால் 32 பிட் டிரைவர் ஒருபோதும் ஏறாது. பழைய ஸ்கேனரும் பிளாட்டரும், உரிமத்தைச் சரிபார்க்கக் கணினியில் செருகும் டாங்கிளும் புதிய கணினியில் செத்த பொருளாகிவிடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வருமான வரி, ஜிஎஸ்டி பணிகளுக்குப் பயன்படும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் இதில் சேரும். அதற்குரிய டிரைவரின் புதிய பதிப்பைப் புதிய கணினியில் நிறுவிச் சோதித்துப் பார்க்காமல், கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

64 பிட் டிரைவர் இருந்தும் ஏறவில்லையென்றால், விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் 11உடன் வரும் புதிய கணினிகளில், அங்குள்ள மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு இயல்பாகவே இயங்குகிறது. அதன் விதிகளுக்கு உட்படாத பழைய டிரைவர்களை அது தடுத்துவிடும். அதை அணைத்தால் கருவி ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் பாதுகாப்பையே தளர்த்துவது. வங்கிப் பணிகள் நடக்கும் கணினியில் அதை அணைத்து வைப்பதை நான் ஏற்பதில்லை. அந்தக் கருவிக்குத் தனியாக ஒரு பழைய கணினியை ஒதுக்கி, இணையத்தோடு இணைக்காமல் வைத்துக்கொள்வது மேல்.

2024இலிருந்து ஸ்னாப்டிராகன் எக்ஸ் செயலியோடு விற்கப்படும் மடிக்கணினிகளை வாங்குவோர் இந்த இடத்தில் இரட்டைக் கவனம் கொள்ள வேண்டும். அவற்றின் செயலி ஆர்ம் வகை. சாதாரண விண்டோஸ் மென்பொருள்களை அவை மொழிபெயர்த்து ஓட்டிவிடும். டிரைவரை அப்படி மொழிபெயர்க்க முடியாது. ஆர்முக்கென்றே எழுதப்பட்ட டிரைவர் இல்லாத பிரிண்டரும் டோக்கனும் அங்கே ஓடா.

16, 32, 64: எண்களில் இருக்கும் சிக்கல்

வாடிக்கையாளர்கள் என்னிடம் கொண்டுவரும் ‘ஓடவில்லை’களில் பெரும்பங்கு இங்கேதான் அடங்கும். நம் ஊர்க் கடைகளிலும் மண்டிகளிலும் மருந்தகங்களிலும் ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் என்ற பழைய நிரல்மொழிகளில் எழுதப்பட்ட கணக்கு மென்பொருள்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவை, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கான 16 பிட் மென்பொருள்கள். 32 பிட் விண்டோஸ்வரை என்டிவிடிஎம் என்ற உள்ளமைப்பு அவற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது. 64 பிட் விண்டோஸில் அது இல்லை. செயலி 64 பிட் நிலையில் இயங்கும்போது பழைய டாஸுக்கான மெய்நிகர் நிலைக்குள் நுழைய முடியாது என்பது அதன் அடிப்படைக் காரணங்களில் ஒன்று. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே பழைய கணினியில் 2 ஜிபி ரேமும் 32 பிட் விண்டோஸும் வைத்திருந்தவர் புதிய கணினிக்கு மாறும்போது, தனக்குத் தெரியாமலேயே டாஸ் ஆதரவையும் கைவிடுகிறார். ரேமை மட்டும் கூட்டிக்கொள்வோருக்கும் இதே முடிச்சுதான்: 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் காணாது, அதிலும் ஏறத்தாழ 3.2 ஜிபியையே பயன்படுத்தும். கூட்டிய ரேமைப் பயன்படுத்த 64 பிட்டுக்கு மாறினால் டாஸ் மென்பொருள் நின்றுவிடும்.

இங்கே மென்பொருளின் பண்புகளில் உள்ள பொருத்தம்காணல் (கம்பாட்டிபிலிட்டி) பக்கத்தில் ‘விண்டோஸ் 95’, ‘எக்ஸ்பி’ என்று மாற்றிமாற்றிச் சொடுக்கிக்கொண்டிருப்பதால் பயனில்லை, அந்தத் தேர்வுகள் 16 பிட்டைக் கொண்டுவருவதில்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸ், விடாஸ்பிளஸ் போன்றவை டாஸ் சூழலையே மென்பொருளாக உருவாக்கித் தருகின்றன. மூல டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது என்பதால், கணக்கு வேலைக்கு முன்சொன்ன இரண்டையே சோதித்துப் பார்க்கச் சொல்வேன். ஒரே தரவுக் கோப்பைப் பல கணினிகள் ஒரே நேரத்தில் திறக்கும் வழக்கம் உங்கள் கடையில் இருந்தால், கோப்புப் பூட்டு சரியாக நடக்கிறதா என்று நகல் தரவில் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகே உண்மைத் தரவை ஒப்படையுங்கள்.

இன்னொரு வகை, மென்பொருள் 32 பிட்டாக இருந்தும் அதை நிறுவும் கோப்பு மட்டும் 16 பிட்டாக இருப்பது; 1990களின் பிற்பாதியில் இப்படிப் பல வந்தன. பரவலாக இருந்த சில நிறுவிகளை விண்டோஸே அடையாளம் கண்டு மாற்று நிறுவியால் ஓட்டிவிடும். அதுவும் நடக்காவிட்டால், பழைய 32 பிட் கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்ட கோப்புறையையும் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் அதற்குரிய பதிவுகளையும் எடுத்து வந்து வைத்தால் சில மென்பொருள்கள் ஓடிவிடுகின்றன.

மென்பொருளைத் திறந்தவுடன் ‘சி000007பி’ என முடியும் பிழைக்குறி வந்தால், 32 பிட் மென்பொருள் 64 பிட் நூலகக் கோப்பை எடுத்துக்கொள்ள முயல்கிறது, அல்லது நேர்மாறாக நடக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். நூலகக் கோப்பு காணவில்லை என்ற செய்தி வந்தால், அந்தப் பெயரை இணையத்தில் தேடி ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி வைக்காதீர்கள். அது எந்தப் பதிப்பு, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ இயக்க நூலகத் தொகுப்புகளில், மென்பொருள் எழுதப்பட்ட ஆண்டுக்குரியதை நிறுவ வேண்டும். விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் மென்பொருள் 32 பிட் என்றால் 32 பிட் தொகுப்பே தேவை என்பதைப் பலர் தவறவிடுகிறார்கள். டாட்நெட் 3.5 தேவைப்படும் மென்பொருள்களுக்கு, விண்டோஸ் கூறுகள் பட்டியலில் அதற்குரிய கட்டத்தைத் தேர்ந்தால் போதும்.

எக்ஸெல் மேக்ரோக்களும் இந்த அடுக்கில் அடிபடும். ஆஃபிஸ் 2019இலிருந்து இயல்பாக நிறுவப்படுவது 64 பிட் ஆஃபிஸ். 32 பிட் காலத்தில் எழுதிய மேக்ரோவில் விண்டோஸின் உள்செயல்களை அழைக்கும் அறிவிப்பு வரிகள் இருந்தால், அவற்றில் பிடிஆர்சேஃப் என்ற சொல்லைச் சேர்த்து, நினைவக முகவரிகளைத் தாங்கும் மாறிகளின் வகையையும் மாற்றாதவரை அவை இயங்கா. மேக்ரோவைத் திருத்தித் தர ஆளில்லை என்றால் 32 பிட் ஆஃபிஸையே நிறுவிக்கொள்வது குறையொன்றுமில்லை.

பழைய போர்ட்டுகள், பழைய பிரிண்டர்கள்

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் நகல் ரசீதுக்காக இன்றும் தேவைப்படுகின்றன. புதிய மதர்போர்டில் பேரலல் போர்ட் இருப்பதில்லை. கடையில் கிடைக்கும் யுஎஸ்பி–பேரலல் கேபிளை வாங்கிப் பொருத்துகிறோம். விண்டோஸ் மென்பொருளிலிருந்து அச்சாகிறது, பழைய மென்பொருளிலிருந்து அச்சாகவில்லை. அந்தக் கேபிள் உண்மையான பேரலல் போர்ட்டை உருவாக்குவதில்லை, யுஎஸ்பி பிரிண்டர் போர்ட்டையே உருவாக்குகிறது என்பதும், பழைய மென்பொருள், பேரலல் போர்ட்டைக் குறிக்கும் எல்பிடி1 என்ற பெயருக்கு மட்டுமே அனுப்பும் என்பதும் இதற்குக் காரணம். பிரிண்டரைப் பகிர்வுக்குத் திறந்துவிட்டு, ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்பிடி1 என்ற பெயரை அந்தப் பகிர்வோடு நிலையாக இணைத்தால், அந்தப் பெயருக்கு வருவது பிரிண்டருக்குப் போய்ச் சேரும். விடாஸ்பிளஸ் போன்றவற்றில் அச்சுக்கான அமைப்பு உள்ளேயே இருக்கிறது. பேரலல் போர்ட்டில் செருகும் உரிம டாங்கிள் மட்டும் இந்த வழிக்கு வராது. அதைத் தேடும் மென்பொருள் 378 என்ற பழைய முகவரியையே தட்டிப் பார்க்கும். புதிதாகப் பொருத்தும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் அட்டை பெரும்பாலும் வேறு முகவரியில் உட்கார்ந்திருக்கும்.

தராசு, பார்கோடு கருவி போன்றவற்றின் சீரியல் இணைப்புக்கு யுஎஸ்பி மாற்றி கேபிள் நன்றாகவே வேலை செய்கிறது, இரண்டு கவனங்களோடு. ஒன்று, விண்டோஸ் அதற்கு காம்7, காம்12 என்று எண் கொடுத்துவிடும். பழைய மென்பொருள் காம்4 வரையே அறியும். டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் மேம்பட்ட அமைப்புகளில் எண்ணை மாற்றிவிடலாம். மற்றொன்று, பிஎல்2303 வகையின் பழைய சில்லுகளையும் அவற்றின் போலிகளையும் புதிய டிரைவர் ஏற்பதில்லை. அந்தச் சில்லு 2012இலேயே கைவிடப்பட்டது என்று டிவைஸ் மேனேஜரே எழுதிக் காட்டும். புதிய கேபிள் வாங்கிவிடுங்கள், அதில் போராடும் நேரத்துக்கு அந்த விலை குறைவு.

வேகமே பகையாகும்போது

டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் எழுதிய பழைய நிரல்கள் ‘200’ என்ற பிழையோடு நின்றுவிடுவதற்குக் காரணம் கணினியின் வேகம்தான். தாமதத்தை அளவிட அந்த நிரல்கள் தொடக்கத்தில் ஒரு சிறு சுழற்சியை ஓட்டி, ஒரு கடிகாரத் துடிப்புக்குள் எத்தனை சுற்று நடந்தது என்று எண்ணி, அதை 55ஆல் வகுக்கும். 200 மெகாஹெர்ட்ஸ் அளவிலான செயலிகள் வந்தபோதே அந்த ஈவு 16 பிட்டுக்குள் அடங்காமல் போயிற்று. பூஜ்யத்தால் வகுத்ததாகப் பிழை எழுந்தது. ஃபாக்ஸ்புரோவின் பழைய பதிப்புகளிலும் இதையொத்த பிழை உண்டு. டாஸ்பாக்ஸ்-எக்ஸில் ஒரு மில்லிநொடிக்கான சுழற்சிகளைக் குறைத்து வைத்தால் இது தீரும்.

மென்பொருள் கோளாறு போலவே தோன்றும் வன்பொருள் கோளாறையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரே மென்பொருள் மட்டும் ஒரே இடத்தில் நின்றால் அது பொருத்தக் கோளாறு. வெவ்வேறு மென்பொருள்கள் வெவ்வேறு நேரத்தில் காரணமின்றி மூடிக்கொண்டால் ரேமையோ செயலியையோ ஐயுற வேண்டும். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற வேகக்கூட்டலை அணைத்துவிட்டு, மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சிலவற்றில், மிகை மின்னழுத்தத்தால் செயலியே நாளடைவில் பழுதடைந்தது. ஆனால் விளையாட்டுகளில் வந்த செய்தியோ காட்சி நினைவகம் போதவில்லை என்பது. அந்தச் செய்தியை நம்பிக் கிராபிக்ஸ் அட்டையை மாற்றியிருந்தால் பணம் வீணாகியிருக்கும். 2024 ஆகஸ்டில் அதற்கான திருத்தம் பயாஸ் புதுப்பிப்பாக வந்தது. ஏற்கெனவே பழுதடைந்த செயலியை அது குணப்படுத்தாது, புதிதாகப் பழுதாவதைத் தடுக்கும். அத்தகைய செயலி உங்களிடம் இருந்தால் பயாஸைப் புதுப்பிக்காமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள்.

எழுத்துருக்கள்

தமிழில் வேலை செய்வோருக்கு மட்டுமே வரும் ஒரு சிக்கல் உண்டு. பழைய கணினியில் லதா எழுத்துருவில் அமைத்த கடிதங்கள், புதிய கணினியில் வேறு எழுத்துருவில் தோன்றி, வரிகள் இடம்பெயர்ந்து, ஒரு பக்கம் இரண்டு பக்கமாகிவிடுகின்றன. கோப்பு கெடவில்லை. விண்டோஸ் 10இலிருந்து லதாவும் விஜயாவும் இயல்பாக நிறுவப்படுவதில்லை. நிர்மலா யுஐ மட்டுமே உடனிருக்கிறது. அமைப்புகளில் விருப்பக் கூறுகள் பகுதிக்குச் சென்று ‘தமிழ் துணை எழுத்துருக்கள்’ என்பதைச் சேர்த்தால், கடிதம் பழைய வடிவுக்கே திரும்பிவிடும்.

பாமினி போன்ற, ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அமைத்த ஆவணங்கள் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தோன்றினால், அந்த எழுத்துருக் கோப்பைப் பழைய வட்டின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து எடுத்து நிறுவினால் போதும். டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களைச் சேர்த்து வைத்திருக்கும் அச்சகங்களுக்கு நிலைமை கடினம்: 2023 ஜனவரியிலிருந்து அடோபியின் புதிய பதிப்புகள் அவற்றை ஏற்பதில்லை. பழைய பக்கங்களைத் திறக்கும் தேவை இருக்கும்வரை பழைய மென்பொருளும் பழைய சூழலும் எங்கேனும் உயிரோடு இருக்க வேண்டும்.

மெய்நிகர் கணினி

அந்தச் சூழலை வைத்திருக்க ஏற்ற இடம் மெய்நிகர் கணினிதான். பழைய கணினி இன்னும் எழுகிறதென்றால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் டிஸ்க்2விஎச்டி கருவியால் அதன் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக மாற்றிக்கொள்ளலாம். புதிய கணினியின் பயாஸில் மெய்நிகராக்கத்தை இயக்கிவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸிலோ, விண்டோஸ் புரோ பதிப்பில் இருக்கும் ஹைப்பர்-விலோ அந்தக் கோப்பை வட்டாகக் கொடுத்தால், பழைய கணினி அதே பின்னணிப் படத்தோடும் அதே சின்னங்களோடும் ஒரு சாளரத்துக்குள் எழும். யுஎஸ்பி டாங்கிளோ டோக்கனோ தேவையென்றால் விர்ச்சுவல்பாக்ஸையே தேர்ந்தெடுங்கள். அதில் யுஎஸ்பி கருவியை உள்ளே ஒப்படைக்க முடியும். பழைய கணினியோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் உரிமம் மெய்நிகர் கணினிக்குச் செல்லாது என்பதால், அங்கு பயன்படுத்தத் தனி உரிமம் தேவைப்படும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டதால், உள்ளே இருக்கும் பழைய விண்டோஸுக்கு இணைய இணைப்பைக் கொடுக்கவே கூடாது; பிணைய அட்டையை நீக்கிவிட்டு, கோப்புகளைப் பகிர்வுக் கோப்புறை வழியே மட்டும் பரிமாறுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பின், அந்த மெய்நிகர் வட்டுக் கோப்பின் நகலை வெளி வட்டு ஒன்றில் எடுத்து, வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து, கடைசி ரசீதின் எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பழைய பெட்டியை அப்புறப்படுத்துங்கள்.